பிரான்ஸில் பல பகுதிகளைச் சுற்றிப் பார்க்க 13 இரவுத் திட்டம்: முதல் முறை போகிறவர்களுக்கு

பிரான்ஸ் போகலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் ஊர்ப் பட்டியல் எழுதத் தொடங்குவார்கள். பாரிஸ், லுவார் அரண்மனைகள், மோன் சான் மிஷேல், அல்சாஸ், லியோன், ப்ரோவான்ஸ், நீஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். முதல் முறை நானும் 9 நாளில் 6 ஊர் என்று எழுதிக்கொண்டுதான் கிளம்பினேன். திரும்பி வந்தபோது மனதில் தங்கியிருந்தவை ரயில் நிலையங்களும், பெட்டியைக் கட்டி அவிழ்த்த விடுதி அறைகளும்தான். அடுத்த முறை ஊர்களைக் குறைத்து, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை இரவு தூங்கப்போகிறோம் என்று கணக்குப் போட்டுப் போனேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பேனா, தாள், ஒரு பிரான்ஸ் வரைபடம் இருந்தால் போதும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். பாரிஸில் சின்னக் கடைகளும் உணவகங்களும் பல மூடியிருக்கும், தெற்கில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். மேயில் போனால் 1ஆம் தேதி ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும், 8ஆம் தேதியும் அரசு விடுமுறை. லாவெண்டர் வயல் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரைதான் காலம்.

என்னைக் கேட்டால் செப்டம்பரின் பின்பாதி. வெயில் தணிந்திருக்கும், சீக்கிரம் இருட்டும். இருட்டுவது ஏன் முக்கியம் என்பது கடைசி ஊரில் தெரியும். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் என்று கொண்டாடுவார்கள். வழக்கமாக மூடியிருக்கும் பல பழைய கட்டடங்களை அப்போது பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள்.

படி 2: ரயில் தடங்களைப் பாருங்கள்

முழுத் திட்டமும் இந்தப் படியில்தான் நிற்கிறது. பிரான்ஸின் ரயில் தடங்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. நடுவில் குடமாக பாரிஸ். அங்கிருந்து எல்லாத் திசைக்கும் தடங்கள் விரிகின்றன. ஒவ்வொரு திசைக்கும் பாரிஸில் தனி ரயில் நிலையம் உண்டு. பிரெஞ்சில் ரயில் நிலையத்துக்கு 'கார்' என்று பெயர். கிழக்கே ஸ்ட்ராஸ்பூருக்கு கார் து லெஸ்த், தென்கிழக்கே லியோன், அவிஞ்ஞோன், மார்சேய் பக்கம் போக கார் து லியோன், மேற்கே பிரித்தானிக்கும் பொர்தோவுக்கும் மோன்பர்னாஸ், நோர்மாண்டிக்கு சான் லஸார், வடக்கே கார் து நோர். ஒன்றைக் கவனியுங்கள்: 'கார் து லியோன்' இருப்பது பாரிஸில்தான். லியோன் நகரில் நீங்கள் இறங்கப்போகும் நிலையத்தின் பெயர் பார்தியூ.

டிஜிவி என்ற அதிவேக ரயிலில் பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் 1 மணி 50 நிமிடம், லியோன் 2 மணி நேரம், அவிஞ்ஞோன் 2 மணி 40 நிமிடம். நேரத்தைக் கேட்டால் எல்லாமே பக்கம்போலத் தோன்றும். ஆனால் ஓர் ஆரக்காலின் நுனியிலிருந்து இன்னொன்றின் நுனிக்குப் போவதுதான் கஷ்டம். வடமேற்கே இருக்கும் மோன் சான் மிஷேலிலிருந்து தென்கிழக்கே ப்ரோவான்ஸ் போவதற்குள் ஒரு முழுப் பகல் கரைந்துவிடும். அதனால் தாளில் எழுதிய ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரே வளைவில் அமைகிறவற்றை வைத்துக்கொண்டு, எதிர்த் திசையில் தனியாக நிற்கும் புள்ளிகளை அடுத்த பயணத்துக்கு விடுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட வளைவு கிழக்குப் பக்கம்: பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர், லியோன், அவிஞ்ஞோன், ஆர்ல். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து லியோனுக்கு நேரடி ரயிலே இருக்கிறது, ஏறக்குறைய 4 மணி நேரம். லியோனுக்குக் கீழே எல்லாமே ரோன் நதிக்கரை ஊர்கள்.

படி 3: இரவுகளைப் பங்கிடுங்கள்

ஓர் ஊரில் ஒரு இரவு மட்டும் தங்கினால் கையில் கிடைப்பது அரை நாள். இரண்டு இரவு தங்கினால் ஒரு முழு நாள், மூன்று என்றால் இரண்டு முழு நாள். இதை மனதில் வைத்துக்கொண்டு, கிழமையோடு சேர்த்து எழுதுங்கள். என் 13 இரவு இப்படி அமைந்தது:

செவ்வாய் முதல் வெள்ளி வரை பாரிஸ், 4 இரவு.
சனி, ஞாயிறு, திங்கள் ஸ்ட்ராஸ்பூர், 3 இரவு.
செவ்வாய், புதன் லியோன், 2 இரவு.
வியாழன், வெள்ளி அவிஞ்ஞோன், 2 இரவு.
சனி ஆர்ல், 1 இரவு.
ஞாயிறு மறுபடி பாரிஸ், 1 இரவு. திங்கள் விமானம்.

செவ்வாய்க்கிழமை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. என் முதல் பயணத்தில் பாரிஸுக்கு ஒதுக்கியதே ஞாயிறு மாலையிலிருந்து செவ்வாய் வரைதான். ஓர்சேயின் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் லூவரிலும் அதேதான். இணையத்தில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் போகாதீர்கள். உதாரணமாக பாரிஸின் நவீன கலை அருங்காட்சியகமான பாம்பிடூ மையம் 2025இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது, 2030 வரை திறக்காது.

லுவார் அரண்மனைகள்தான் வேண்டும் என்கிறவர்கள் ஸ்ட்ராஸ்பூரை எடுத்துவிட்டு, தூர் நகரில் 3 இரவு தங்கலாம். ஷேர் நதியின் குறுக்கே கட்டிய ஷெனோன்சோ அரண்மனைக்கு அங்கிருந்து உள்ளூர் ரயில் இருக்கிறது, நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். லியனார்டோ டா வின்சி 1519இல் உயிர் நீத்த அம்புவாஸும் ரயிலில் பக்கம்தான். ஆனால் ஸ்ட்ராஸ்பூரையும் தூரையும் ஒரே பயணத்தில் நுழைக்காதீர்கள்.

படி 4: விசா, அப்புறம் முன்பதிவு

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. நீங்கள் 2 மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். மேலே எழுதிய இரவுக் கணக்கு இங்கேயும் உதவும்: எந்தத் தேதியில் எந்த விடுதி என்று ஓட்டையில்லாமல் காட்ட முடியும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

ரயில் டிக்கெட்டில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். டிஜிவி கட்டணம் விமானக் கட்டணம் மாதிரி நாள் நெருங்க நெருங்க ஏறும்; விசா வந்த உடனே வாங்கிவிட வேண்டும். டிஇஆர் எனப்படும் உள்ளூர் ரயில்களுக்குப் பெரும்பாலும் ஒரே விலைதான், அன்றைக்கே வாங்கினால் போதும். ஈபிள் கோபுர மின்தூக்கிக்கான டிக்கெட் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும். லூவருக்கும் வெர்சாய்க்கும் நுழையும் நேரத்தைக் குறித்தே வாங்க வேண்டும். எல்லாவற்றையும் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள்.

படி 5: ரயில் ஏறும் நாள்

நடைமேடை எண் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும், அதுவரை பதற வேண்டாம். ஆனால் டிஜிவி கதவுகள் குறித்த நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். டிக்கெட்டில் 'வுவத்யூர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பது பெட்டி எண். உங்கள் சாமான்களில் பெயர்ச்சீட்டு கட்டியிருப்பது கட்டாயம். உதவிக்கு ஆள் கிடையாது, படிகளில் நீங்களேதான் தூக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிக்கு மேல் வேண்டாம்.

படி 6: சாப்பாடு

மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பல உணவகங்களில் அடுப்பு எரியாது. மதியச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் குறைந்த விலையில் 'ஃபோர்ம்யூல்' என்ற இரண்டு மூன்று பதார்த்தங்கள் சேர்ந்த சாப்பாடு கிடைக்கும். 'உய்ன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று இறைச்சி, மீன் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

இட்லி தோசைக்கு ஏங்கினால் பாரிஸில் கார் து நோருக்குப் பின்னால் இருக்கும் லா சப்பலுக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும் தெருக்கள் அவை. மறுநாள் ஸ்ட்ராஸ்பூர் ரயில் ஏறும் கார் து லெஸ்த் நடக்கும் தூரம்தான்.

படி 7: ஒவ்வோர் ஊரிலும் எதற்கு நேரம் கொடுப்பது

பாரிஸில் புதன் லூவர். புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருப்பதால் மாலையில் போனால் நெரிசல் குறையும். வியாழன் பகலில் நோத்ர தாம். 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த தேவாலயம், நுழைய இலவசம். அன்று மாலை ஓர்சே, வியாழக்கிழமை மட்டும் 9.45 வரை. வெள்ளி வெர்சாய். ஓர்சேயில் வான்கோவின் ஓவியம் ஒன்று, ரோன் நதியின் மேல் நட்சத்திர இரவு, 1888இல் வரைந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஸ்ட்ராஸ்பூரில் ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தேவாலயத்தில் வழிபாடு நடக்கும். அதனால் அன்று அரை மணி நேர ரயிலில் கொல்மாருக்குப் போய்விடுங்கள். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை வடிவமைத்த பார்தோல்தி பிறந்த ஊர் அது. திங்களன்று ஸ்ட்ராஸ்பூர் தேவாலயம்: இளஞ்சிவப்பு மணற்கல், 142 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கோபுரம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் பகல் 12.30க்கு இயேசுவின் சீடர்கள் வரிசையாக நகர்ந்து வருவார்கள்.

அங்கிருந்து ரிப்பப்ளிக் சதுக்கத்துக்கும் நடந்து போங்கள். ஒரு தாய், மடியில் உயிர் பிரியும் இரண்டு மகன்கள். போர் நினைவுச் சின்னம். மகன்களுக்குச் சீருடை கிடையாது. 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் மறுபடி ஜெர்மனி, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ் என்று கை மாறிய மண் இது. ஒரு மகன் ஒரு நாட்டுக்காகவும் இன்னொருவன் எதிரி நாட்டுக்காகவும் செத்தார்கள். இந்தப் பயணத்தில் என்னை அதிகம் கலங்க வைத்த இடம் இதுதான்.

லியோனுக்கு ஒரு முழு நாள் போதும். காலையில் ஃபூர்வியேர் குன்றில் ரோமானிய அரங்கு, பிறகு பழைய ஊரில் வீடுகளுக்குள்ளாகவே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் 'திரபூல்' சந்துகள்.

அவிஞ்ஞோனில் இரண்டு நிலையங்கள். டிஜிவி நிற்பது ஊருக்கு வெளியே. அங்கிருந்து 5 நிமிட உள்ளூர் ரயிலில் கோட்டை மதிலுக்கு அருகிலிருக்கும் சென்ட்ர் நிலையத்துக்கு வரலாம். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய அரண்மனையை வியாழன் பிற்பகல் பாருங்கள். வெள்ளியன்று போன் து கார் பாலம் (இந்த 'கார்' ரயில் நிலையம் அல்ல), பேருந்தில் போகலாம். நீம் நகருக்கு 50 கி.மீ. தண்ணீர் கொண்டுபோக ரோமானியர் கட்டிய கால்வாயின் ஒரு துண்டு, 3 அடுக்கு வளைவுகள், ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். செப்டம்பரில் ஆற்றுக்குள் இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

சனி காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து ஆர்லுக்குப் போங்கள், 20 நிமிடம். சனிக்கிழமை அங்கே பெரிய சந்தை கூடும். ஆலிவ், பாலாடைக்கட்டி, பழம் வாங்கினால் மதியச் சாப்பாடு முடிந்தது. பிற்பகலில் ரோமானிய வட்டரங்கு. பலர் ஆர்லை ஒரு பகலில் பார்த்துவிட்டு அவிஞ்ஞோனுக்குத் திரும்புவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள், இந்த ஒரு இரவுக்கு இங்கேயே அறை எடுங்கள்.

ஜூனில் என்றால் இருட்ட 10 மணிக்கு மேல் ஆகிவிடும். செப்டம்பர் கடைசியில் 9 மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். சாப்பிட்டுவிட்டு, ரயில் நிலையத்திலிருந்து வரும்போது முதலில் தென்படும் லமார்த்தின் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக்கு நடங்கள். வான்கோ அந்த ஓவியத்தைத் தீட்டியது இந்தக் கரையில்தான், அதுவும் செப்டம்பரில். ஒன்பது நாள் முன்பு பாரிஸில் பார்த்த அதே வளைவு, தண்ணீரில் அதே மாதிரி நீண்டு நடுங்கும் விளக்கொளி. கரைச்சுவரில் உட்காருங்கள். பாரிஸ் ரயில் நாளை மதியம்தான்.