வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போங்கள்: டெக்சாஸின் பழைய ஸ்பானிய மிஷன்களைக் காணச் செல்லும் டெல்டாக்காரர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளிலிருந்து அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வீட்டிற்கு ஐந்தாறு மாதம் தங்கியிருக்கச் செல்லும் பெற்றோர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் ஆகிய ஊர்களுக்குச் செல்கிறவர்கள், அங்கிருந்து சான் அன்டோனியோ நகருக்கு ஒருமுறை அவசியம் போய்வர வேண்டும். ஆஸ்டினிலிருந்து அது சுமார் 130 கிலோமீட்டர், ஹூஸ்டனிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பானிய பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கே ஆற்றோரமாக அமைத்த ஐந்து மிஷன்களை யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றைத் தேவாலயங்களாக மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். மறுபாதி ஆற்றிலும் வாய்க்காலிலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள், வாய்க்கால் கரையில் வளர்ந்த நாம்தான்.

புறப்படுவதற்கு முன் ஊரிலேயே செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை உண்டு. தரங்கம்பாடிக்கு ஒருநாள் போய் வாருங்கள். சான் அன்டோனியோவின் முதல் மிஷனான சான் அன்டோனியோ டி வலேரோ 1718ஆம் ஆண்டு மே மாதம் நிறுவப்பட்டது. அதே 1718ஆம் ஆண்டில்தான் தரங்கம்பாடி ராஜ வீதியில் ஜெர்மானியச் சமயப் பணியாளரான சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஒரே ஆண்டில், உலகத்தின் இரண்டு எதிர்க் கோடிகளில், ஐரோப்பிய அரசர்கள் அனுப்பிய சமயப் பணியாளர்கள் எழுப்பிய இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு தானாகவே விளங்கும். தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்கள் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர் விட்டுக்கொடுத்த கடலோரத் துண்டில் குடியேறினார்கள். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க், ஏற்கெனவே கோயிலும் குளமும் ஏட்டுச்சுவடியும் நிறைந்திருந்த ஒரு நாட்டிற்குள் நுழைந்ததால், தமிழைக் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, சொல்லின் வழியாகவே மக்களை அணுக வேண்டியிருந்தது. ஆலயத்திற்குள் அவருடைய கல்லறையைப் பாருங்கள். வெளியே வந்து, சற்றுத் தொலைவில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். டெக்சாஸில் நிலைமை வேறு. அங்கே ஸ்பானியர்கள் ஓர் ஊருக்குள் வந்து சேரவில்லை. மிஷன் என்ற பெயரில் ஊரையே புதிதாக உண்டாக்கினார்கள்.

ஆகவே மிஷன் என்ற சொல்லைக் கேட்டவுடன் கோபுரமும் மணியும் உள்ள ஒரு கட்டடத்தை மனத்தில் வரைந்துகொள்ளாதீர்கள். நான்கு பக்கமும் மதில், மதிலோடு ஒட்டி வரிசையாகக் குடியிருப்புகள், நடுவில் திடல், ஒரு புறம் தேவாலயமும் துறவிகளின் இருப்பிடமும், தானியக் களஞ்சியம், நெசவுக்கும் தச்சுக்கும் கொல்லுக்குமான பட்டறைகள், மதிலுக்கு வெளியே நன்செய், அதற்கும் அப்பால் மாட்டுப் பண்ணை: இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு மிஷன். அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள், வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்த பல சிறு குழுக்கள். அவர்களைப் பொதுவாகக் கோவாவில்டெக்கன் மக்கள் என்கிறார்கள். வடக்கிலிருந்து அப்பாச்சே பழங்குடியினரின் தாக்குதல், தெற்கிலிருந்து ஸ்பானியர்களின் நெருக்குதல், பெரியம்மை போன்ற புதிய நோய்கள் ஆகியவற்றிற்கிடையே அகப்பட்ட அவர்களில் பலர், பாதுகாப்பும் சோறும் தேடி மிஷனுக்குள் வந்தார்கள். அதற்கு விலையாக மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு வேலை செய்து, தங்கள் மொழியையும் சடங்கையும் விட வேண்டியிருந்தது. ஓடிப்போனவர்களைத் திரும்பப் பிடித்து வந்ததும் உண்டு. மதிலுக்குள்ளேயே நோயால் மாண்டவர்கள் ஏராளம். அழகான கல்வேலையைப் பார்த்து வியக்கும்போது, அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் நியாயம்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஐந்தையும் ஓடிப் பார்க்க முடியும். ஐந்தும் சுமார் 15 கிலோமீட்டருக்குள் ஆற்றை ஒட்டியே வடக்கிலிருந்து தெற்காக, அலமோ (முன்பு சொன்ன வலேரோ மிஷனின் இன்றைய பெயர்), கன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்பாடா என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் அப்படி ஓடினால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். அலமோவைத் தவிர மற்ற நான்கும் தேசியப் பூங்காத் துறையின் கீழ் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். கோடையில் வெயில் 35 பாகைக்கு மேல் போகும். நமக்குப் பழகிய வெயில்தானே என்று எண்ணாமல், நிழல் குறைந்த திடல்களில் நடக்க வேண்டியிருப்பதால் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள். அங்குள்ள புல்லில் நெருப்பெறும்புகள் உண்டு. அவற்றின் கடி நம் கட்டெறும்பின் கடியைவிடக் கொடியது.

முதல்நாள் சான் ஹோசேயில் தொடங்குங்கள். 1720இல் நிறுவப்பட்ட இதுதான் ஐந்தில் பெரியது. பார்வையாளர் மையமும் இங்கேதான் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தேவாலயத்தை நோக்கி நேராக நடக்காமல், மதிலை ஒட்டி இடப்புறமாகவோ வலப்புறமாகவோ ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்றாமல் மூலவரிடம் போகாத பழக்கம் நமக்கு உண்டல்லவா, அது இங்கே மிகவும் பயன்படும். குடியிருப்பு அறைகளின் அகலத்தைப் பாருங்கள், வெளியிலுள்ள அடுப்புகளைப் பாருங்கள், களஞ்சியச் சுவரைத் தாங்கி நிற்கும் சாய்வுக் கல் முட்டுகளைப் பாருங்கள். பிறகு தேவாலயத்தின் முகப்புச் சிற்பங்களுக்கும், தெற்குச் சுவரில் உள்ள ரோஜா சன்னல் எனப்படும் புகழ்பெற்ற கல் சன்னலுக்கும் வாருங்கள். இன்று வெறும் சுண்ணாம்புக் கல்லாகத் தெரியும் அந்தச் சுவர்கள் ஒருகாலத்தில் முழுவதும் சாந்து பூசி, சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பல வண்ணங்களில் கோலம்போலக் கட்டமிட்டு வரையப்பட்டிருந்தன. கோபுரத்தின் ஒரு சிறு பகுதியில் அந்த வண்ணத்தை மீண்டும் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோபுரச் சுதைகளின் வண்ணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தச் சிறு பகுதியைக் கொண்டே முழு முகப்பையும் கற்பனையில் நிரப்பிக்கொள்வது கடினமாக இருக்காது. மதிலுக்கு வெளியே 1794ஆம் ஆண்டைச் சேர்ந்த மாவு ஆலை ஒன்று இருக்கிறது. வாய்க்கால் நீரின் விசையில் ஓடிய ஆலை அது. வாய்க்காலை நீங்கள் முதலில் சந்திக்கும் இடமும் அதுவே.

பிற்பகலில் கன்செப்சியோன் போதும். 1755இல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தத் தேவாலயம் பெரிய அளவில் மறுகட்டுமானம் செய்யப்படாமலேயே நிற்கிறது. பக்கத்து அறைகளின் விதானத்தில் பழைய ஓவியங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் மீசை வைத்த முகத்தோடு கதிர்விடும் சூரியன் போன்ற ஒன்றைத் தவறவிடாதீர்கள். ஆகஸ்ட் 15ஆம் நாள், மாதா விண்ணேற்புத் திருநாளன்று, மாலை ஆறரை மணி அளவில் மேற்குச் சன்னல் வழியே வரும் வெயில் பீடத்தருகே வந்து விழும். நம் பகுதிக் கோயில்கள் சிலவற்றில் ஆண்டில் சில நாள் கருவறைக்குள் கதிர் புகுவதைக் கண்டவர்கள், அந்த நாளில் அங்கே இருக்க நேர்ந்தால் கட்டாயம் போக வேண்டும்.

இரண்டாம் நாள்தான் முக்கியமானது. மழை குறைந்த அந்த நிலத்தில் ஆற்றுநீர் இல்லாமல் மக்காச்சோளம் விளையாது என்பதால், துறவிகள் வந்தவுடன் முதலில் செய்த வேலைகளில் ஒன்று வாய்க்கால் வெட்டியது. அதற்கு அசேக்கியா என்று பெயர். ஸ்பெயினை நெடுங்காலம் ஆண்ட அரபு முஸ்லிம்களிடமிருந்து ஸ்பானியர்கள் பெற்ற சொல் அது. பாசனக் கலையிலும் அவர்களிடம் கற்றது அதிகம். அந்தக் கலை கடல் கடந்து இங்கே வந்தது; வாய்க்கால்களை வெட்டியவை கோவாவில்டெக்கன் மக்களின் கைகள். தலைவாய்க்காலைத் தாய் வாய்க்கால் என்றே அழைத்தார்கள். அதிலிருந்து கிளைகள், கிளைகளுக்கு மதகுகள், வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர். ஒரு முறைக்குரிய நீருக்குத் தூலா என்று பெயர். நிலத் துண்டுக்கு சுவெர்த்தே என்று பெயர். அந்தச் சொல்லின் பொருள் அதிர்ஷ்டம், ஏனென்றால் துண்டுகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். தஞ்சை மிராசு கிராமங்களில் முற்காலத்தில் நிலப் பங்குகளை அவ்வப்போது மாற்றிப் பகிர்ந்துகொண்ட கரையீட்டு முறையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பவர்களுக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எஸ்பாடா அணையில் தொடங்கி, நீர் போகும் திசையிலேயே நீங்களும் போங்கள். ஆற்றை மறித்துக் கல்லால் கட்டிய அந்தத் தாழ்வான அணையைப் பார்த்தபோது, இவ்வளவுதானா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கல்லணையையும் மேட்டூரையும் பார்த்தவர்களுக்கு அது ஒரு சிறு தடுப்பு. ஆனால் அதன் வேலை நீரைத் தேக்குவது அன்று, மட்டத்தை உயர்த்திப் பக்க வாய்க்காலுக்குள் திருப்புவது. கரிகாலன் பெயரால் நாம் போற்றும் அணையின் வேலையும் அடிப்படையில் அதுதானே. அங்கிருந்து வாய்க்கால் வாட்டம் பிடித்து ஓடி வரும்போது குறுக்கே பியேத்ராஸ் ஓடை வருகிறது. ஓடைக்குள் வாய்க்காலை விட்டால் நீர் அதோடு போய்விடும். எனவே இரண்டு கல் வளைவுகளை எழுப்பி, அவற்றின் மேல் வாய்க்காலை நடத்தி அக்கரை சேர்த்தார்கள். 1745ஆம் ஆண்டில் முடிந்த அந்த நீர்ப்பாலத்தின் மேல் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஓடையில் எத்தனையோ வெள்ளம் வந்துவிட்டது. எனக்குச் சான் அன்டோனியோவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றியது அந்தப் பாலம்தான். அங்கே கூட்டம் இருக்காது. கரையோரம் அமர்ந்து, கீழே ஓடை ஒரு திசையிலும் மேலே வாய்க்கால் வேறொரு திசையிலும் போவதை அரைமணி நேரமாவது பாருங்கள். பாலத்தின் மேல் ஏறாதீர்கள். பழைய கட்டு அது.

அங்கிருந்து எஸ்பாடா மிஷன் அருகில்தான். கிழக்கு டெக்சாஸில் 1690இல் தொடங்கி, 1731இல் சான் அன்டோனியோ ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்ட மிஷன் இது. தேவாலயம் சிறியது, வாசல் வளைவு சற்று விசித்திரமானது, மேலே மூன்று மணிகள். செங்கல்லும் ஓடும் இங்கேயே சுட்டிருக்கிறார்கள். அதே 1731இல் இடம் மாறி வந்த சான் ஹுவான், வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, எளிமையாக, நம் கிராமத்துச் சிறு மாதா கோயில் போலவே இருக்கும். அதன் வாய்க்காலிலும் அண்மைக் காலத்தில் மீண்டும் தண்ணீர் விட்டு, பழைய வயலின் ஒரு பகுதியில் பயிர் செய்கிறார்கள். வயல் வரப்பில் நின்று, மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்கு முதலில் நீர் ஏறும் என்று பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். தவறாகச் சொன்னால் விளக்குவதற்கு அதைவிட நல்ல இடம் உங்களுக்கு அந்த நாட்டில் கிடைக்காது.

இந்த நான்கு தேவாலயங்களும் இன்றும் பங்கு ஆலயங்கள். மிஷன் காலத்துக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே வழிபடுகிறார்கள். பூசையோ திருமணமோ அடக்கமோ நடந்தால் உள்ளே போய்ப் படம் எடுக்கக் கூடாது. முடியும்வரை வெளியே காத்திருங்கள். காலணியைக் கழற்றும் வழக்கம் இல்லை, ஆனால் ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். நீங்கள் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போய்வருகிறவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சான் ஹோசேயில் மெக்சிகோவின் மரியாச்சி இசையோடு நடக்கும் பூசையில் கலந்துகொள்ளுங்கள். மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அலமோவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1718இல் நிறுவப்பட்ட அந்த முதல் மிஷன்தான் இன்று அலமோ என்ற பெயரில் நகரின் நடுவே நிற்கிறது. 1793இலேயே மிஷனாக இருப்பது முடிந்து, பிறகு படைவீடாகி, டெக்சாஸ் விடுதலைக்காகப் போராடியவர்களுக்கும் மெக்சிகோ படைக்கும் இடையே 1836 மார்ச் 6ஆம் நாள் நடந்த போரால் புகழ்பெற்றது. அங்கே பேசப்படுவதெல்லாம் அந்தப் போரைப் பற்றியே. உள்ளே செல்ல நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தேவாலயத்தின் முன் எப்போதும் கூட்டமாக இருக்கும். அந்த வளைந்த முகப்பு உச்சிகூட, 1850இல் அமெரிக்க இராணுவம் கூரை வேய்ந்தபோது சேர்த்ததுதான். ஒரு படம் எடுத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிப் பின்புறத் தோட்டத்திற்கு வாருங்கள். மரநிழலில் கல் கட்டிய சிறு வாய்க்கால் ஒன்று இருக்கும். அதில் வண்ண மீன்களைப் பார்த்துவிட்டுப் பலரும் கடந்து போவார்கள். அந்த மிஷனின் வயல்களுக்கு நீர் கொண்டுபோன பழைய வாய்க்காலில் மிஞ்சியிருக்கும் துண்டு அது.