தொட்டி நிறைந்தால்தான் வண்டி வரவேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் குப்பைத் தொட்டிகளுக்குச் சென்சர் பூட்டும் பேச்சு எழுந்தால், "தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கு?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். குருநகர்ப் பக்கம் மீன்கழிவு தொட்டியில் கால்வாசிதான் கிடந்தாலும் அன்றைக்கே எடுத்தாகவேண்டும். அந்த வெயிலுக்கு மறுநாள் வரை தாங்காது. நல்லூர்த் திருவிழாவில் இளநீர்க் கோம்பை தொட்டியை மளமளவென்று நிரப்பிவிடும், ஆனால் ஒருநாள் கிடந்தால் நாறாது. நிறைவை மட்டும் பார்த்தால் வண்டி கோம்பைக்கு ஓடும், மீன் புழுக்கும். ஆகவே கடைசியாக எடுத்து எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கையும் சேர்க்கவேண்டும். அந்த வரம்பும் இடத்துக்கிடம், காலத்துக்குக் காலம் மாறும். மாரியில் அதே கோம்பையில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும்.

அடுத்தது, மூடியில் பூட்டும் மீயொலிச் சென்சர். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் பார்ப்பது அது. நீர் புகாத மலிவான வகைகளுக்குக் கிட்டத்தட்ட 20 செ.மீ. வரை கண் தெரியாது. தொட்டி முட்ட நிறைந்ததும் குப்பை அந்த இடைவெளிக்குள் வந்துவிடும். அவசரமான நேரத்தில்தான் பொய் எண் வரும். சென்சரை உயர்த்திப் பூட்டுங்கள், அல்லது அந்த எல்லைக்கு முன்பே 'நிறைந்தது' என்று அறிவிக்கச் செய்யுங்கள். சரிந்து கிடக்கும் பையும் பழந்துணியும் எதிரொலியைக் கெடுக்கும். ஒரே அளவீட்டை நம்பாமல், சிலதை எடுத்து, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைக் கொள்வது நல்லது. வெப்பநிலை பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்: 10 பாகை கூடினாலும் ஒரு மீற்றரில் பிழை 2 செ.மீ. கூட வராது.

நிமிடத்துக்கொரு தரம் தகவல் அனுப்பினால் பற்றரி விரைவில் தீரும். தொட்டி அவ்வளவு வேகத்தில் நிறைவதில்லை.

சென்சர் தகவல் போகும் வழியை 'கட்டுப்படுத்தி' என்ற மைய மென்பொருள் தீர்மானிக்கும் நிரல்படுத்தக்கூடிய வலையமைப்பு இருந்தால் எல்லாம் கட்டுக்குள் என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் வேலை பெரும்பாலும் நுழைவாயிலுக்கு, அதாவது தொட்டிகளின் தகவலை வானொலி அலையில் வாங்கி வலையமைப்புக்குக் கொடுக்கும் கருவிக்கு, பின்னால்தான். நுழைவாயிலுக்கும் தொட்டிக்கும் இடையில் வானொலி அலை வலுவிழந்தால் கட்டுப்படுத்தியால் ஒன்றும் செய்யமுடியாது. கட்டுப்படுத்தியோடு இணைப்பு அறுந்தாலும் இருக்கும் விதிகளின்படி வலையமைப்புச் சுவிட்சுகள் (தகவலை வழிமாற்றி அனுப்பும் கருவிகள்) தொடர்ந்து தகவலைக் கடத்தும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள். மின்வெட்டு வந்தபிறகு அதை யோசித்துப் பயனில்லை.

கணினி போடும் பாதையைச் சுகாதாரத் தொழிலாளரிடம் காட்டாமல் நடைமுறைப்படுத்தவே கூடாது. வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும் ஒழுங்கைக்குள் பெட்டி பூட்டிய ட்ராக்டர் திரும்பாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.