நீலப் போத்தலும் தேசிக்காயும்

கனடாவிலயோ லண்டனிலயோ இருந்து கிளிநொச்சிக்கு வாற பார்சலில இப்ப சொக்லேட்டோட ஒரு நீலப் போத்தலும் கிடக்குது. காப்பர் பெப்டைட் சீரம், அதாவது தலைத்தோலில பூசுற செம்பு சேர்ந்த திரவம். உச்சியில முடி ஐதாகிற தங்கச்சிக்கு, மச்சானுக்கு எண்டு அனுப்புறது. அதைத் தூக்கிக்கொண்டு என்ர பார்லருக்கு வாற ஆக்கள் திரும்பத் திரும்பச் செய்யிற பிழைகள் இதுகள். முடியில பூசாமல் தோலில பூசுறது மாதிரிப் பெட்டியிலயே எழுதியிருக்கிறதை விடுறன்.

தேசிக்காய்

எனக்கு இண்டைக்கும் எரிச்சல் வாறது இதுக்குத்தான். வட்டக்கச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு, தேசிப்புளியைப் பிழிஞ்சு சீரம் போத்தலுக்குள்ளயே விட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தது. "அக்கா, புளி சேர்ந்தால் பொடுகும் போகும் எண்டு அம்மம்மா சொன்னவ." நீலம் வெளிறிப் போச்சு. ஒரு மூட்டை நெல் வித்த காசு, ஒரு தேசிக்காயோட சரி.

கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் எண்ட மூண்டு அமினோ அமிலமும் சேர்ந்து செம்பைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் இந்த மருந்து. 1973இல லோரன் பிக்கார்ட் எண்ட விஞ்ஞானி மனித இரத்தத்தில கண்டுபிடிச்சது. புளி கூடினால் அந்தப் பிடி விடும். தேசிப்புளியின்ர பிஎச் (குறையக் குறையப் புளி கூட) 2க்குக் கிட்ட. அதுக்குள்ள இருக்கிற சிட்ரிக் அமிலமும் செம்பைத் தன்ர பக்கம் இழுக்கும். முகத்துக்கு வாங்கின விற்றமின் சி சீரத்தை இதோட கலக்கிறதும் இதே கதை: செம்பும் மாறும், விற்றமினும் கெடும், ரெண்டு போத்தலும் நட்டம்.

அதுக்காகத் தேசிக்காய் தேய்ச்சுத் தோயவே வேண்டாம் எண்டில்லை. நல்லா அலசி, தலை காஞ்ச பிறகு, ஏலுமெண்டால் அடுத்த நாள், சீரத்தைப் பூசுங்கோ.

எண்ணெய் வைச்ச தலை

சீரம் தண்ணியில கரையிற சாமான். எண்ணெய்க்கு மேல நிண்டு வழியும்.

நீலத்தை நம்புறது

தோட்டத்துக்கு அடிக்கிற துருசும் (கொப்பர் சல்பேற்று) நீலம்தான். "அதுவும் செம்புதானே, தேங்காயெண்ணெயில போடலாமோ?" எண்டு ஒரு ஐயா கேட்டார். துருசு தோலை எரிச்சுப் புண்ணாக்கும். கண்ணில பட்டால் இன்னும் மோசம். பெட்டியில காப்பர் ட்ரைபெப்டைட்-1 எண்டு இருக்குதோ பாருங்கோ.

யன்னல் தட்டு

போத்தலைச் சூடு படுற யன்னல் தட்டில வைக்காதேங்கோ. தகரக் கூரை வீடெண்டால் பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ.

வில்சன் நோய்

உடம்பில செம்பு தேங்குற நோய் இது. இது இருக்கிற ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் சீரத்தைத் தொடாதேங்கோ.

காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுற முடி

டெங்கு வந்தாலும் பிள்ளை பெத்தாலும் ரெண்டு மூண்டு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். பேர் போத்தலுக்குப் போயிடும். அப்பிடி ஒண்டுமில்லாமல் கொட்டினால் முதல்ல இரும்புச்சத்தும் தைரோயிட்டும் சோதிக்க வேணும். பரம்பரையாக ஐதாகிறதெண்டால், முடி வளரப் பூசுற மருந்தான மினொக்சிடிலுக்குத்தான் மனிசரில செய்த சோதனைகள் நிறைய. காப்பர் பெப்டைட்டுக்கு இருக்கிறது கூடுதலும் ஆய்வுகூடத்துக் கலங்களில பார்த்ததுதான். மினொக்சிடில் பூசத் தொடங்கின கொஞ்ச நாளில இன்னும் கொட்டுது எண்டு அதை வீசிப்போட்டு நீலப் போத்தலுக்கு மாறி வாற ஆக்களும் இருக்கினம். அந்தக் கொட்டல் வழமை, நிப்பாட்டாதேங்கோ.