ஏரி உடைஞ்சிடுச்சாம்! மழை நாள் ஃபார்வர்டை ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கும் முறை

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சென்னைக் குடும்ப குரூப்புகளில் இப்படி ஒன்று கட்டாயம் வரும்:

"அவசரம்!! செம்பரம்பாக்கம் உடைந்தது. 1 லட்சம் கன அடி தண்ணீர் திறப்பு. இரவு 2 மணிக்குள் சைதாப்பேட்டை மூழ்கும். எல்லோருக்கும் அனுப்பவும்."

இதை மாதிரியாக வைத்துக்கொண்டே சரிபார்த்துப் பழகலாம். ஒரு போன், நெட், கால்குலேட்டர், அவ்வளவுதான் வேண்டும்.

முதலில் ஒன்று. "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று யோசித்து முடிவு செய்யாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். முதலை விஷயமும் இப்படித்தான். 2015 வெள்ளத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது பொய், பண்ணையே மறுத்தது. 2023 மிக்ஜாம் புயலில் பெருங்களத்தூர் பக்கம் சாலையைக் கடந்த முதலை வீடியோ நிஜம். அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் உண்டு. ஆகவே மொத்தச் செய்தியையும் எடைபோடாமல், அதற்குள் சரிபார்க்க முடிகிற ஒரு பெயரையோ எண்ணையோ பிடியுங்கள்.

படி 1: வினைச்சொல்லைப் பாருங்கள்

"உடைந்தது" வேறு, "திறப்பு" வேறு. நம் மாதிரியில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. மதகைத் திறந்து உபரிநீரை விடுவது ஏரியைக் காப்பாற்ற, நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் நடக்கிற வேலை. கரை உடைந்தால் திறக்க எதுவும் இருக்காது. இங்கேயே பாதி சாயம் வெளுத்துவிடும்.

படி 2: எண்ணை வகுத்துப் பாருங்கள்

அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. "கன அடி" என்று செய்தியில் வருவது வினாடிக்கு இத்தனை கன அடி என்ற வெளியேற்றம். "மில்லியன் கன அடி" என்பது ஏரியில் நிற்கும் இருப்பு. இரண்டையும் குழப்பி, "3,000 மில்லியன் கன அடி திறப்பு" என்று எழுதிய ஃபார்வர்டுகள் உண்டு. அது திறப்பு அல்ல, ஏரியின் கொள்ளளவுக்குச் சற்றுக் குறைவான இருப்பு.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1 லட்சம் கன அடி வெளியேறினால்:

3,645,000,000 ÷ 1,00,000 = 36,450 வினாடி

அதாவது வரத்து இல்லையென்றால் பத்து மணி நேரத்தில் ஏரி காலி! 2015 டிசம்பரின் அந்த மோசமான இரவிலேயே இங்கிருந்து திறந்தது அதிகபட்சம் 29,000 கன அடி.

ஒரு எச்சரிக்கை. திறப்பு குறைவு என்பதால் அடையாறு அமைதி என்று அர்த்தமில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் தனியாக ஆற்றில் சேர்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்குவது அந்தத் தண்ணீரால். செம்பரம்பாக்கம் உபரிநீர் அதற்குக் கீழே திருநீர்மலை அருகில்தான் ஆற்றைத் தொடுகிறது.

படி 3: தண்ணீர் போகும் வழி பொருந்துகிறதா

செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும். சைதாப்பேட்டை இருப்பது அந்த ஆற்றங்கரையில். புழல் ஏரியின் உபரிநீர் தனிக் கால்வாய் வழியாகவும், பூண்டி ஏரியின் தண்ணீர் கொசஸ்தலை ஆற்று வழியாகவும் எண்ணூர் பக்கம் போகும். "புழல் திறப்பு, சைதாப்பேட்டை மக்கள் வெளியேறவும்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மையான அறிவிப்பில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. எத்தனை மணிக்கு, எத்தனை கன அடி என்றும் இருக்கும். "என் நண்பர் பொதுப்பணித் துறையில் இருக்கிறார்" என்ற வரி இருக்காது. (ஏரிகளை இப்போது கவனிப்பது நீர்வளத் துறை. ஆனால் பழைய பெயரைச் சொன்னதற்காக மட்டும் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். பாதி ஊர் இன்னும் அப்படித்தான் சொல்கிறது.)

படி 4: படமோ வீடியோவோ இருந்தால்

படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். வீடியோ என்றால் கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் எழுத்தையெல்லாம் வெட்டிவிட்டுத் தேடுங்கள். வெட்டாமல் தேடினால் லென்ஸ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதே ஃபார்வர்டையே காட்டும்.

ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயர் IMG-20241130-WA0012 என்பதுபோல இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். படம் உங்கள் போனுக்கு வந்த நாள் அது, எடுத்த நாள் அல்ல.

இந்தப் படியைத் தவிர்ப்பதன் விலை சில சமயம் உயிர். 2018இல் நாடு முழுக்கச் சுற்றிய குழந்தைக் கடத்தல் வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கடத்தல்காரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள்.

படி 5: கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, உயிருக்கு ஆபத்து என்றால் 112. மழைக்குச் சென்னை மண்டல வானிலை மையம். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பும் அங்கே வரும். ரெட் அலர்ட் என்றால் பெரும்பாலும் 20 செ.மீ.க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ஏரி உடையும் என்று பொருள் அல்ல. தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் மறுப்பு வெளியிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விடை கிடைக்கும்வரை போனை சார்ஜில் போடுங்கள், ஆதார், மாத்திரை, டார்ச்சை ஒரு பையில் எடுத்து வையுங்கள். செய்தி பொய்யானாலும் இதில் நஷ்டமில்லை. ஆற்றங்கரையில் வீடு, தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் எந்தப் படியும் வேண்டாம், கிளம்புங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இரண்டு நாளுக்குள் என்றால் "அனைவருக்கும் நீக்கு" வேலை செய்யும். நீக்கிவிட்டு, அதே குரூப்பில் ஒரு வரி போடுங்கள்: "நான் காலையில் அனுப்பிய ஏரி செய்தி தவறு. 1077இல் கேட்டேன், கரை உடையவில்லை." உண்மையிலேயே கேட்டுவிட்டுப் போடுங்கள்.