டிஃபரென்ஷியல் பிரேஸ்: எது உடைகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக் கிளம்பும்போது வண்டியின் பின்பக்கம் தடதடவென்று குதித்து, அடியிலிருந்து ‘டங்’ என்று சத்தம் வந்தால் பலரும் உடனே தேடுவது டிஃபரென்ஷியல் பிரேஸ், அதாவது பின்சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை இறுக்கிப் பிடிக்கும் கூடுதல் தாங்கி. நல்ல பொருள்தான். ஆனால் அது உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் கியர்களின் பல்லை ஒரு நூல்கூடத் தடிமனாக்காது. கியர்களின் வெளிக்கூடான ஹவுசிங்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. உங்கள் வண்டியில் உடைவதற்கு அந்த அசைவுதான் காரணமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் டார்க் 400 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 4.0, ஃபைனல் டிரைவ் 3.5 என்றால் ஆக்ஸிலுக்கு 5,600 வரும். கிளம்பும் நேரத்தில் பின்சக்கரங்கள் மேல் 950 கிலோ எடை இருக்கிறது, டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர், பிடிப்புக் கெழு 1.0 என்று வைத்துக்கொண்டால் ரோடு தாங்குவது சுமார் 3,000 தான். அதற்கு மேல் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுழலும். அதாவது, டயரே ஒரு ஃபியூஸ் மாதிரி. சீராகக் கொடுக்கும் பவரில் நல்ல நிலையில் இருக்கும் டிஃபரென்ஷியல் சாதாரணமாக உடையாது. உடைப்பது அதிர்ச்சி.

அந்த அதிர்ச்சி வரும் வழி இதுதான். டயர் ரோட்டைப் பிடிக்கிறது, ஹவுசிங்கைத் தாங்கும் மவுன்டுகளில் இருக்கும் புஷ் ரப்பர்கள் முறுக்கிக்கொள்கின்றன. பிடிப்பு விட்டதும் ரப்பர் துள்ளித் திரும்புகிறது, சக்கரம் சட்டென்று வேகமெடுக்கிறது. அடுத்த கணமே ரோடு அதை மறுபடி பிடித்து நிறுத்துகிறது. இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கிறது. சுழலும் சக்கரத்தை நிறுத்தும் ஒவ்வொரு அடியும் ஆக்ஸில் வழியாகப் பல்லில் போய் விழுகிறது. கிளட்சை டக்கென்று விட்டால் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தியும் கூட வரும். 2004 முதல் 2007 வரை வந்த கேடிலாக் சிடிஎஸ்-வி இந்தக் குதிப்புக்கும் டிஃபரென்ஷியல் உடைவுக்கும் பேர்போன வண்டி. பிரேஸ் தேடுபவர்கள் பேச்சில் அது அடிக்கடி வருவது அதனால்தான்.

சக்கரத்தை முன்னே தள்ளும் டார்க் ஹவுசிங்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அதன் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். முன் மவுன்டுக்கும் பின் மவுன்டுக்கும் 40 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், 3,000 நியூட்டன் மீட்டருக்கு முன்னும் பின்னும் தலா 7,500 நியூட்டன், கிட்டத்தட்ட 750 கிலோ இழுவை. இது சீரான நிலையில் வரும் கணக்கு. குதிப்பில் இது பல மடங்காகலாம்.

இனி உடைந்த துண்டைக் கையில் எடுங்கள். ஹவுசிங்கின் காது (போல்ட் ஏறும் துருத்திய பகுதி) விரிந்திருந்தாலோ, மவுன்ட் போல்ட் அறுந்திருந்தாலோ, புஷ் ரப்பர் கிழிந்திருந்தாலோ பிரேஸ் நேரடியாக உதவும். முறிந்த முகத்தில் வளைய வளையமாகக் கோடுகள் இருந்தால் அது நாள்பட்ட களைப்பு விரிசல். முகம் முழுக்கச் சொரசொரவென்று மின்னினால் ஒரே அடியில் போனது. கிரவுனின் பல் ஒன்றிரண்டு சில்லாகப் போயிருக்க, மற்ற பற்களில் தேய்ந்த தடம் நடுவில் சரியாக இருந்தால் அதிர்ச்சிதான் காரணம், பிரேஸ் ஓரளவு உதவும். தடம் பல்லின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி), பேரிங் செட்டிங் தப்பு. எத்தனை பிரேஸ் போட்டாலும் மறுபடி உடையும். பல் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பிரச்சினை. ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறியிருந்தாலோ அதன் முனையில் வளைந்து சுழலும் சிவி ஜாயின்ட் போயிருந்தாலோ, பிரேஸ் போட்ட பிறகு அவை இன்னும் சீக்கிரம் போக வாய்ப்பு உண்டு. ரப்பர் உறிஞ்சிக்கொண்டிருந்த அடியையும் அவையே வாங்க வேண்டியிருக்கும்.

பழைய இ46 பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வண்டியில் பின் சப்ஃப்ரேம் (டிஃபரென்ஷியலையும் சஸ்பென்ஷனையும் சுமக்கும் சட்டம்) பாடியோடு சேரும் இடத்தில் தரைத் தகடே விரிசல் விடும். அதற்கு வேண்டியது பாடியில் பற்றவைக்கும் பலத்தகடு. பிரேஸ் அந்தப் பக்கமே போகாது.

முன்சக்கரம் இழுக்கும் போலோ, ஆக்டேவியா போன்றவற்றில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் எஞ்சினின் கீழ் மவுன்டில் கெட்டி இன்சர்ட் போட்டாலே குதிப்பில் பெரும்பகுதி அடங்கும்.

பிரேஸ்தான் வேண்டும் என்று முடிவானால், நாங்கள் முதலில் பார்ப்பது அதன் இரண்டு முனைகளும் எதில் மாட்டுகின்றன என்பதை. பெரும்பாலான கார்களில் டிஃபரென்ஷியல் சப்ஃப்ரேமில் தொங்கும். சப்ஃப்ரேம் தன் பங்குக்கு ரப்பர் வழியாகப் பாடியில் தொங்கும். ஒரு முனை ஹவுசிங்கிலும் மறு முனை பாடியிலும் மாட்டும் பிரேஸ், சப்ஃப்ரேம் ஆடும் ஒவ்வொரு முறையும் இழுபடும். கடைசியில் பிராக்கெட்டோ ஹவுசிங் காதோ விரியும். இரு முனையும் சப்ஃப்ரேம், ஹவுசிங் இவற்றோடு நின்றுவிட வேண்டும்.

அடுத்தது மவுன்டுகளுக்குள் சமநிலை. ஒரு மவுன்டை அலுமினியத்தால் இறுக்கி, மற்றவற்றைப் பழைய ரப்பரிலேயே விட்டால் பாரம் முழுவதும் அந்த ஒரே காதில் ஏறும். பிரேஸ் போடுகிறீர்கள் என்றால் எல்லாப் புஷ்களையும் ஏறத்தாழ ஒரே கெட்டிக்கு மாற்றுங்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு ஷோர் 80ஏ வரை (ஷோர் என்பது ரப்பரின் கெட்டியைச் சொல்லும் அளவு) பாலியூரித்தேன் போதும். 95ஏ போட்டால் கியர் உறுமல் கேபினுக்குள் கேட்க ஆரம்பிக்கும். முழு அலுமினியம் டிராக் வண்டிக்கு மட்டும். வேலூர் கிரீன் சர்க்கிளில் நின்று கிளம்பிக் காட்டுவதற்கு அது வேண்டாம்.

வடிவத்தைப் பார்க்கும்போது நேரான குழாயும் முக்கோண அமைப்பும் நல்ல அறிகுறி. வளைத்து நெளித்த தகடு பார்க்க அழகாக இருக்கும், பாரத்தில் நெளியும். போல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பிராக்கெட்டைவிட இரு பக்கமும் கவ்வும் பிராக்கெட் மேல். பிரேஸ் ஹவுசிங்கின் கவரில் மாட்டுவதாக இருந்தால், அந்தக் கவர் பாரம் தாங்கும்படி செய்ததா, இல்லை வெறும் ஆயில் மூடியா என்று பாருங்கள். மெல்லிய மூடியில் மாட்டினால் விரிசல் விட்டு ஆயில் ஒழுகும். கவரின் குளிர்விக்கும் வரிகளை முழுதாக மறைக்கும் பிரேஸும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்து வேலூர் வெயிலில் ஆயில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் வண்டிக்கு ரெடிமேடாகக் கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். பாய்லர் வேலை பார்த்துக் கைதேர்ந்த வெல்டர்கள் ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். வண்டிப் பட்டறையில் அவசரத்துக்கு ஒட்டுவதைவிட அங்கே கொடுப்பது நல்லது. 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சீம்லெஸ் ஸ்டீல் குழாய், 6 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் என்று ஆரம்பியுங்கள். அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் 6061-டி6 ரக அலுமினியம் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பலத்தில் பெரும்பங்கை இழக்கும். சப்ஃப்ரேம் தகடு 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் 6 மில்லிமீட்டர் தகட்டை நேராக ஒட்டினால் வெல்டின் ஓரத்தில் கிழியும். இடையில் அகலமான 3 மில்லிமீட்டர் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். ஹவுசிங்கில் மட்டும் வெல்டிங் கூடவே கூடாது. வார்ப்பு விரியும், பேரிங் உட்காரும் இடம் கோணும். வண்டியில் வைத்தே பற்றவைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஹவுசிங் மூக்கிலும் சப்ஃப்ரேமிலும் தொடர்ந்தாற்போல் ஒரு வெள்ளை பெயின்ட் கோடு போடுங்கள். போனையோ சின்ன கேமராவையோ அடியில் கெட்டியாக மாட்டி வீடியோவை ஓடவிடுங்கள். சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டு முதல் கியரிலும் பிறகு ரிவர்சிலும் கிளட்சைக் கடிக்கும் வரை மெதுவாக விடுங்கள். யாரும் வண்டிக்கு முன்னேயோ பின்னேயோ நிற்கக் கூடாது. இரண்டு கியரிலும் கோடு எதிரெதிர்ப் பக்கம் நன்றாக விலகினால் புஷ் போய்விட்டது. ஒரிஜினல் புஷ்ஷைப் புதிதாகப் போட்டு, டயர் காற்றையும் ஷாக் அப்சார்பரையும் சரி பார்த்த உடனேயே பல வண்டிகளில் குதிப்பு நின்றுவிடும். அதன் பிறகும் குதித்தால்தான் பிரேஸ்.

மாட்டும்போது வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். பிராக்கெட்டுகளைக் கையால் மட்டும் திருகி எல்லா ஓட்டையும் தானாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்பி வைத்து நெம்பிப் பொருத்தினால் ஹவுசிங் அந்த இழுவையிலேயே கிடக்கும், காது விரியும். இடைவெளி இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். ஸ்டீலில் ஏறும் 10.9 கிரேடு எம் 12 போல்ட்டுக்கு உலர்ந்த நிலையில் சுமார் 120 நியூட்டன் மீட்டர், எம் 10க்கு 65 முதல் 70. அலுமினிய ஹவுசிங்கில் ஏறும் போல்ட்டுக்கு இந்த எண்கள் பொருந்தாது, மரை கழன்று கையோடு வரும். கார் கம்பெனி கொடுத்த அளவுதான். போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே ஏற வேண்டும், ஓட்டையின் அடியில் முட்டவும் கூடாது. முட்டினால் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், பிராக்கெட் லூசாகவே இருக்கும்.

எக்ஸாஸ்ட், பிரேக் லைன், ஏபிஎஸ் ஒயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் குறைந்தது 10 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் பினியன் கோணத்தை (ஹவுசிங் மூக்கின் சாய்வை) அளந்துகொள்ளுங்கள். மூக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறியிறங்கியிருந்தால் ஹைவே வேகத்தில் நடுக்கம் வரலாம். கவரைத் திறந்திருந்தால் வண்டிக்குச் சொன்ன கிரேடு ஆயிலை, பெரும்பாலும் 75 டபிள்யூ 90 ஜிஎல்-5, நிரப்பும் ஓட்டையில் வழியும் வரை ஊற்றுங்கள். கிளட்ச் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) என்றால் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் சேர்ந்த ஆயிலா என்று டப்பாவைப் படியுங்கள்.

லாஞ்ச் செய்து, அதாவது முழுதாக மிதித்துக் கிளம்பிப் பார்ப்பதற்கு பெங்களூரு ரோட்டின் சர்வீஸ் லேன் இடமல்ல. பொது ரோட்டில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் குற்றம். அதே ரோட்டில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் மார்க்கரால் கோடு இழுத்துவிட்டு, 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் அடியில் போய்ப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அதே போல்ட்டை மறுபடி இறுக்காமல் புதிது போடுங்கள். விலகுவது ஒரே மூலையில் திரும்பத் திரும்ப நடந்தால் அந்தப் பக்கப் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்.