பக்கத்து ஊர் அழுத்தத்தை வைத்து இறங்கலாமா?

அலாஸ்காவில் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. தபால், மளிகை, மருந்து எல்லாம் சிறு விமானத்தில்தான் வந்து இறங்கும். இறங்குமிடம் பெரும்பாலும் ஒரு சரளைக்கல் ஓடுபாதை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது. பல இடங்களில் வானம் பார்த்துச் சொல்ல ஆளும் இருக்காது. ஓரத்தில் நிற்கும் தானியங்கி வானிலை நிலையம் மட்டும் காற்று, பார்வைத் தொலைவு, மேக உயரம், அழுத்தம் என்று ரேடியோவில் ஒப்பித்துக்கொண்டிருக்கும். தவறுகள் அந்தக் குரலைக் கேட்பதிலேயே தொடங்கிவிடுகின்றன.

அது சொல்வதை ஊர் வானம் முழுவதற்கும் பொருத்திக்கொள்வது முதல் தவறு. மேக உயரம் பார்க்கும் கருவி லேசர் கற்றையை நேர் மேலே செலுத்துகிறது. கடந்த 30 நிமிடங்களில் தலைக்கு மேலே என்ன கடந்துபோனதோ அதை வைத்துத்தான் கணக்குச் சொல்லும். பார்வைத் தொலைவுக் கருவியோ தன் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கும் கொஞ்சக் காற்றை மட்டும் சோதித்துவிட்டு '10 மைல்' என்கிறது. ஓடுபாதையின் மறுமுனையில் ஆற்றுப் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் குறைக்காகவே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1999 முதல் அலாஸ்காவில் வானிலை கேமராக்களை வைத்து வருகிறது. இன்றைய படத்துக்குப் பக்கத்தில் தெளிந்த நாளில் எடுத்த படமும் இருக்கும். தூரத்து மலை மறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். புறப்படும் முன் அதைப் பார்க்காமல் கிளம்புவதற்குச் சாக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அறிக்கையின் வாலைப் படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. அமெரிக்கத் தானியங்கி அறிக்கையின் கடைசியில் ஒரு டாலர் குறி இருந்தால், கருவிக்குப் பராமரிப்பு தேவைப்படலாம் என்று அந்த நிலையமே சொல்கிறது என்று பொருள். முன்னால் வரும் எண்கள் பளிச்சென்று இருப்பதால் அந்தக் குறி கண்ணில் படுவதே இல்லை. சில நேரம் அறிக்கையே வராது. அதற்காகக் கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வெளியே தகவல் அனுப்பும் இணைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். ஓடுபாதையை நெருங்கினால் அதே நிலையம் ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும்.

இனி ஆல்டிமீட்டர், அதாவது விமானத்தில் உயரம் காட்டும் கருவி. அது அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. குமிழைத் திருப்பி அந்த இடத்தின் அழுத்தத்தை நாம் வைத்தால்தான் முள் சரியான உயரத்தைக் காட்டும். அமெரிக்காவில் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள்; ஒரு அங்குலம் ஏறக்குறைய 1,000 அடிக்குச் சமம். போகும் ஊரில் அழுத்தம் 0.20 அங்குலம் குறைந்திருக்க, பழைய எண்ணையே வைத்திருந்தால், முள் 600 அடி காட்டும்போது விமானம் 400 அடியில் இருக்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு இது தெரிய வழியில்லை.

உள்ளூர் அழுத்தம் கிடைக்காதபோது என்ன செய்வது என்று தரையிறங்கும் வரைபடத்திலேயே குறிப்பு இருக்கும்: இன்ன ஊரின் அழுத்தத்தை எடுத்துக்கொள், குறைந்தபட்ச இறங்கு உயரத்தை இத்தனை அடி கூட்டு. சில இடங்களில் அந்த முறையில் இறங்கவே கூடாது என்றும் இருக்கும். அவசரத்தில் பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். எண்ணை மாற்றிவிட்டு அடியைக் கூட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இடையில் ஒரு மலைத்தொடரோ புயல் விளிம்போ இருந்தால் இரண்டு ஊர்களின் அழுத்தமும் ஒட்டாது. கூட்டச் சொன்ன அடிகள் அந்த வித்தியாசத்துக்காகத்தான்.

குளிர் இதை இன்னும் மோசமாக்கும். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்ந்திருப்பதால், அழுத்தம் சரியாக வைத்திருந்தாலும் விமானம் முள் காட்டுவதைவிடத் தாழ்வாகவே பறக்கும். ஓடுபாதை மட்டத்தில் மைனஸ் 30 டிகிரி என்றால், அதற்கு மேல் 1,000 அடியில் திருத்தம் 190 அடி. அழுத்தத் தவறும் குளிரும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும் நாளில் மலைக்கு மேல் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

காதில் விழும் எண்ணிலும் கண்ணி உண்டு. ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகு புழங்கும் நாட்டில் '992' என்று கேட்டதை, அங்குலத்தில் பழகிய விமானி 29.92 என்று வைத்தால், விமானம் முள் காட்டுவதைவிட ஏறத்தாழ 600 அடி தாழ்ந்திருக்கும். பெரிய விமான நிலையங்களுக்கும் இதில் விலக்கில்லை. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்க வந்த ஓர் ஏர்பஸ் விமானத்துக்கு, அழுத்தம் 1001 என்பதற்குப் பதில் கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொன்னார். விமானிகளும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அந்த ஏர்பஸ் ஓடுபாதைக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை தாழ்ந்தபின் மேலேறியது. இரண்டாம் முயற்சியிலும் அதே தவறான எண்தான் இருந்தது. இம்முறை கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். திருப்பிச் சொல்வது கேட்டதைத்தான் உறுதிசெய்யும். தானியங்கி அறிக்கையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

சரியான தகவல் கிடைத்தும் பயன்படுத்தாமல் விடுவதும் உண்டு. 2019 அக்டோபர் 17 அன்று அலாஸ்காவின் உனலாஸ்கா நகரில் ஒரு சாப் 2000 ரக விமானம் இறங்கியது. காற்று 300 டிகிரியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கி.மீ.) என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. தென்கிழக்கு நோக்கி அவர்கள் இறங்கிய 13ஆம் ஓடுபாதைக்கு அது பின்காற்று. அந்த ரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையோ 15 நாட். 4,500 அடி ஓடுபாதை போதாமல் விமானம் வேலியைத் தாண்டி, சாலையைக் கடந்து, கடலோரப் பாறைகளில் போய் நின்றது. பயணி ஒருவர் இறந்தார். பிரேக்கைக் கட்டுப்படுத்துவதற்காகச் சக்கர வேகத்தை உணரும் கருவியின் கம்பிகளைத் தவறாக இணைத்திருந்ததுதான் முதன்மைக் காரணம், பின்காற்றில் இறங்க எடுத்த முடிவும் அதற்குத் துணைபோனது என்றது விசாரணை. எதிர்முனையிலிருந்து இறங்கியிருந்தால் அதே 24 நாட் காற்று முகத்தில் மோதி வேகத்தைக் குறைத்திருக்கும்.