பழைய ஓபரா இசைத்தட்டுகளைத் தெளிவாக்கும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கு

1902 ஏப்ரலில் மிலான் நகர விடுதி அறையொன்றில் இத்தாலிய ஓபராப் பாடகர் என்ரிகோ கரூசோ பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தபோது ஒலிப்பதிவில் மைக் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஒரு புனலை நோக்கி அவர் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு வெட்டியது. மின்வழிப் பதிவு 1925இல்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முற்பட்ட தட்டுகளில் ஏறத்தாழ 200 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான ஒலியே சரியாகப் பதிந்திருக்கும். அதற்கு மேல் கேட்பதில் பெரும்பகுதி தேய்மான இரைச்சல். ஆகவே, பதிந்திருக்கும் குரலைக் கெடுக்காமல் வெளியே எடுப்பதோடு எங்கள் வேலை முடிகிறது.

முதலில் தட்டைக் கழுவ வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதியாதலால் அது காய்ந்ததும் பள்ளங்களில் வெண்படிவை விட்டுவிடும். பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்த ‘78 சுற்று’த் தட்டுகள் அரக்கினால் ஆனவை என்பதால் ஸ்பிரிட்டை அருகிலும் கொண்டுபோக வேண்டாம். அது அரக்கைக் கரைத்துவிடும்.

அடுத்தது கணினிக்கு மாற்றுதல். பிற்காலத்து எல்.பி. தட்டின் குறுகிய பள்ளத்துக்கான ஊசி இந்த அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும்; ஆகையால் 3 மில், அதாவது ஏறத்தாழ 76 மைக்ரோன் அளவுள்ள ஊசியை வாங்குங்கள். செலவு செய்வதானால் மென்பொருளை விட இதற்கே செய்யலாம் என்பது என் கருத்து. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், தட்டு ஒற்றைத் தடமாயினும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். பின்னர் இரு தடங்களையும் ஒன்றாக்கும்போது ஊசியின் மேல்கீழ் அசைவால் வந்த இரைச்சல் ஓரளவு தானாகவே அறுந்துபோகும். பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் மோசமாகத் தேய்ந்திருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், வெடிப்பொலிகள் கருக்குமட்டையின் பற்களைப் போலத் துருத்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். சிறியவற்றைக் ‘கிளிக் ரிமூவல்’ பார்த்துக்கொள்ளும். பெரிய கீறல்களை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து ‘ரிப்பேர்’ கொடுக்க வேண்டும். அது ஒரு தடவையில் 128 சாம்பிள்களுக்கு (கணினி ஒலியை அளந்து வைக்கும் புள்ளிகளுக்கு) மேல் ஏற்காது. சலிப்பான வேலைதான், ஆனால் வேகத்தைத் திருத்துமுன் இதை முடித்துவிட வேண்டும்.

வேகம் என்பதில்தான் பலர் கவனம் செலுத்துவதில்லை. 78 என்பது அக்காலத்தில் பெயரளவான எண். தொடக்ககாலத் தட்டுகள் பல அதைவிடக் குறைந்த வேகத்தில் வெட்டப்பட்டவை. அவற்றை 78இல் சுழற்றினால் சுருதி ஏறி, டெனர் எனப்படும் உயர்சுருதி ஆண்குரல் கனம் இழந்து மெலிந்து ஒலிக்கும். உதாரணமாக, வெர்டியின் ‘ஐடா’ ஓபராவில் வரும் ‘செலெஸ்தே ஐடா’ என்ற பாடல் பி ஃபிளாட் மேஜரில் எழுதப்பட்டது. எங்கள் கணக்கில் அது ஆறரைக் கட்டை. உங்கள் பதிவில் அது ஏழு கட்டையில் கேட்டால், தட்டு ஏறத்தாழ 6 சதவீதம் விரைவாக ஓடியிருக்கிறது, மூலப்பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 73.6 சுற்று வேகத்தில் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். ‘சேஞ்ச் ஸ்பீட்’ (புதிய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’) கட்டளையில் 0.944 என்று கொடுத்தால் சுருதியும் காலமும் சேர்ந்தே இறங்கும். ‘சேஞ்ச் பிட்ச்’ சுருதியை மட்டும் மாற்றும் என்பதால் அது இதற்கு உதவாது. இசைநாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த ஒருவர் அயலில் இருந்தால் கூப்பிட்டுக் கேட்பியுங்கள். கைப்பேசிச் செயலியை விட விரைவாகச் சொல்லிவிடுவார். ஆயினும், பாடகர்கள் தம் வசதிக்காக அரைக் கட்டை இறக்கிப் பாடியதும் உண்டு. திருத்திய பின் குரலின் அசைவு இயல்பாக இருக்கிறதா என்று காதால் உறுதிசெய்யாமல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

1925க்கு முந்திய பதிவுகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இசை எதுவும் இராது. அதனால் அங்கே தாழ்ந்த ஒலிகளை நீக்கும் ‘ஹை பாஸ்’ வடிகட்டியால் தயங்காமல் வெட்டலாம். எங்கள் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அத்துடன் பெருமளவு போய்விடும். எஞ்சிய 100, 150 ஹெர்ட்ஸ் உறுமலை, ஒரு குறித்த அலைவெண்ணை மட்டும் வெட்டும் ‘நொட்ச்’ வடிகட்டியால் குறைக்கலாம்; வேகத்தைத் திருத்தியிருந்தால் இந்த எண்களும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கும்.

இரைச்சல் நீக்கம் கடைசியில் வர வேண்டும். பாட்டுத் தொடங்குமுன் வெறும் பள்ளம் ஓடும் ஓரிரு விநாடிகளை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபலுக்கு மேல் போகாமல் குறையுங்கள். அந்தப் பெட்டியிலேயே ‘ரெசிடியூ’ என்ற தெரிவு உண்டு. நீக்கப்படுவது என்ன என்பதை அது கேட்கக் காட்டும். அதற்குள் பாடகரின் மூச்சோ மெய்யெழுத்து ஒலியோ கேட்குமானால் அளவு கூடிவிட்டது, குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நீங்கள் முழு நிசப்தத்தை விரும்பிப் போனால் குரல் நீருக்குள்ளிருந்து வருவதாகிவிடும். மெல்லிய இரைச்சலுக்குக் காது ஒரு நிமிடத்தில் பழகிவிடும்.

முடித்ததை ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் 24 பிட் ஃபிளாக் (FLAC) கோப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே தட்டின் எண்ணையும் நீங்கள் தெரிவுசெய்த வேகத்தையும் எழுதுங்கள். திருத்தாத மூலப்பதிவை வேறொரு வன்தட்டில் தனியாக வையுங்கள். நாளை மேலான மென்பொருள் வந்தால் வேலையை அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.